அக்கா, என் வகுப்பில் நீ பாடினாய்

என் ஸ்டெல்லா அக்காவுக்கு,

நீ பாடுவாய் என்று ஏன் அக்கா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை? பாட்டு டீச்சருக்கு அக்காவாக இருந்துகொண்டு, சர்ச்சில்கூட உதட்டை மட்டும் அசைத்த கள்ளி நீ!

நடந்ததைச் சொல்கிறேன். இப்போது என் வகுப்பில் ஆர்மோனியத்தோடு ஒரு டேப்லெட்டும் இருக்கிறது. வீட்டிலும் தெருவிலும் கேட்கிற சத்தங்களைப் போனில் பதிந்து வாருங்கள், வெட்டி ஒட்டிப் பாட்டாக்கலாம் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன். ஒருத்தன் பிரியாணி அண்டாவைக் கரண்டியால் தட்டும் சத்தம் கொண்டுவந்தான். ஆஃப்ரின் அவள் அம்மாவின் பழைய போனில் கிடந்த ஒன்றைக் கொண்டுவந்தாள். ஆம்பூர் ஷூ கம்பெனி பஸ்ஸில் உன் பக்கத்து சீட்டில் வருவாரே, அந்த அம்மாவின் பெண்தான்.

ஸ்பீக்கரில் போட்டேன். பஸ் இரைச்சல், டிபன் பாக்ஸ் மூடியில் தாளம், அதற்கு மேல் உன் குரல்.

“பாலாத்துல தண்ணி வந்தா பச்ச சேல வாங்கித் தரேன்...”

பஸ்ஸில் பெண்கள் சிரிக்கிறார்கள். அடிக்கு அடி நீ சத்தமாக மூச்சு வாங்குகிறாய். “ஸ்டெல்லா, குடியாத்தம் வந்துச்சு, எறங்கு எறங்கு” என்கிறாள் ஒருத்தி. பாட்டு பாதியில் நிற்கிறது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்றாவது பெஞ்சில் உன் மகள் ஜெனி உட்கார்ந்திருக்கிறாள், அக்கா! நீ கர்த்தரிடம் போனதிலிருந்து என் வகுப்பில் வாயே திறக்காதவள்.

அதோடு விட்டதா? ஆஃப்ரின் டேப்லெட்டில் வேறொரு ஆப்பைத் திறந்தாள். “மிஸ், இதுல போட்டா மிச்சத்தையும் அவங்க வாய்ஸ்லயே பாடிடும்!” அது யார் குரல் என்று பாவம், அவளுக்குத் தெரியாது. “வேணாம்டி” என்று நான் சொல்வதற்குள் அழுத்திவிட்டாள்.

நீ பாடினாய். நீ பாடாததையெல்லாம் பாடினாய். சுருதி இம்மி பிசகவில்லை. மூச்சு மட்டும் வாங்கவே இல்லை.

அது நீ இல்லை என்று தெரியும். இருந்தும் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இன்னொரு தரம் கேட்க வேண்டும்போல இருந்தது. அது எப்படி அக்கா?

ஜெனி எழுந்து வந்தாள். டேப்லெட்டை வாங்கி, ஆப் பாடியதை அழித்தாள்.

“இன்னா ஜெனி? நல்லாத்தானே பாடுச்சு!” என்றாள் ஆஃப்ரின்.

“எங்க அம்மா எறங்கிட்டாங்கடி. மிச்சத்த நான் பாடறேன்.”

ஆஃப்ரினுக்கு முகம் வெளுத்துப்போய்விட்டது. ஜெனி கண்ணை மூடிக்கொண்டு, தானே வரி கட்டிப் பாடினாள். உன்னை மாதிரியே நடுநடுவே மூச்சு வாங்கினாள். கொஞ்ச நேரம் கழித்து ஆஃப்ரின் தன் டிபன் பாக்ஸை எடுத்து மூடியில் தாளம் தட்ட ஆரம்பித்தாள்.

ஆண்டு விழாவில் இதைத்தான் போடப்போகிறோம். பஸ் நிற்கும்வரை நீ, அதற்குப் பிறகு உன் மகள். உன் குரலில் ஒரு சொல்லைக்கூட யாரும் சேர்க்க விடமாட்டேன், சத்தியம். எனக்கே ஆசை வந்தாலும்.

வீட்டில் ஜெனிக்குச் சித்தி, பள்ளியில் மிஸ்,
என்றும் உன் தங்கச்சி