கெட்டியான கொடி

என்னங்க,

சோறு குக்கரில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சுவரில் வீசியது போக மிஞ்சிய மீன்கறி ஃபிரிட்ஜில் இருக்கிறது. இன்றும் அதில் புளி அதிகம்தான்.

காலையில் ஆஸ்பத்திரியில் கழுத்தை ஸ்கேன் எடுத்தார்கள். பின்கழுத்து எலும்புகளைப் பிடித்து நிற்கும் தசைநார் கிழிந்திருக்கிறதாம். நீங்கள் சொல்லிக்கொடுத்தபடியே, "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன் டாக்டர்" என்றேன். அந்த டாக்டரம்மா என் கழுத்தில் பட்டையை மாட்டிக்கொண்டே, "விழுந்தா கழுத்தச் சுத்திச் சங்கிலித் தடம் விழாதும்மா" என்றார்.

சொல்லிவிட்டேன். அடுப்புப் பக்கம் திரும்பியவளைப் பின்னாலிருந்து தாலிக்கொடியைப் பிடித்து இழுத்ததையும், கத்திய பிறகு இன்னொரு தடவை இழுத்ததையும்.

ஸ்கேனுக்காகக் கொடியைக் கழற்றச் சொன்னார்கள். அதைக் கேட்டு உங்கள் அம்மா போனில், "மஞ்சக் கயிறாச்சும் கட்டிக்க, வெறுங்கழுத்தோட நிக்காத லா" என்றார். கட்டவில்லை.

வரும் வழியிலேயே போலீஸ் ரிப்போர்ட் கொடுத்துவிட்டேன். மாலையில் வருவார்கள், கேட்டைப் பூட்டாதீர்கள். பிள்ளை ஷாந்தினியைப் பள்ளியிலிருந்து நேராக என்னோடு கூட்டிப் போகிறேன். தேடி வந்தால் அதற்கும் ஒரு ரிப்போர்ட் போகும். என் சாவி மேசைமேல் இருக்கிறது.

தேவிஸ்ரீ

பி.கு.: கொடி அரிசி டின்னுக்குள் இருக்கிறது. ஐந்து பவுன், லாரி கட்டி இழுத்தாலும் அறாது என்று பாயா ரும்புட் ஊர் முழுக்கப் பெருமை பேசினீர்களே. உண்மைதான், அறவில்லை. உங்கள் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒரு தடவை இழுத்துப் பாருங்கள், எவ்வளவு கெட்டி என்று தெரியும்.