அலமாரியில் பூட்டிய கரி

இன்று காலை கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவர் தின்னர் டின்னைத் திறந்தார். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம்தான் வந்தது.

தொண்ணூறுகளில் ஆண்டர்சன்பேட்டையில் நாம் வேலை பார்த்த சின்ன ஆய்வுக்கூடம். தண்ணீர் சுத்திகரித்துத் தேய்ந்துபோன ரெசின் என்ற பிளாஸ்டிக் மணிகளை நீ உலையில் காற்றுப் படாமல் கருக்கி, நீராவி விட்டு, கடுகு போலக் கரிமணிகளாக எடுப்பாய். நான் சோதிப்பேன். நீலச் சாயத் தண்ணீரில் போட்டுக் குலுக்கினால், நல்ல கரி சாயத்தை உறிஞ்சிவிடும். உன் கரி போட்ட தண்ணீர் குடிதண்ணீர் போலத் தெளிந்தது. நான் நம்பவில்லை. வேலை நிரந்தரமாக வேண்டுமென்று, கடையில் உசத்திக் கரி வாங்கி மாற்றி வைக்கிறாயோ?

"இன்னாப்பா, கரி நல்லா வந்தா சந்தோசப்படாம மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு கீற?" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பும் எனக்குச் சந்தேகமாகவே பட்டது.

அடுத்த முறை நீ எடுத்த கரியை, நீ தொடக் கூடாதென்று, திறந்த தட்டோடு என் அலமாரியில் பூட்டினேன். வாரம் கழித்து, நீ பார்க்கத் திறந்து சோதித்தால் தண்ணீர் நீலமாகவே நின்றது. பிடித்துவிட்டேன் என்று குதித்தேன். "இவரு சாம்பிள மாத்தறாரு சார்" என்று அதிகாரியிடம் உன் எதிரிலேயே சொன்னேன். நீ என்னை ஒருமுறை பார்த்துவிட்டு உலைப் பக்கம் திரும்பிப் போனாய். அந்த வாரமே உன்னை நிறுத்திவிட்டார்கள்.

மிச்சக் கரியைப் பிறகு ஒருநாள் உலர்த்துவதற்காகச் சூடாக்கினேன். குப்பென்று தின்னர் வாசம். என் அலமாரியின் கீழ்த்தட்டில் தின்னரில் கலக்கிற டொலுயீன் பாட்டில் ஒன்று, மூடி சரியில்லாமல் இருந்தது. அந்த ஆவியைக் குடித்தே உன் கரி வயிறு நிரம்பிக் கிடந்திருக்கிறது. ஆவி போனதும் அதே கரி சாயத்தைச் சொட்டு விடாமல் இழுத்தது. மடையன் நான்! அதிகாரியின் அறை பக்கத்திலேயே இருந்தது. நான் போகவில்லை.

அதன்பின் ஊரிகம் ஸ்டேஷனில் பார்க்கும்போதெல்லாம் நீயே வந்து, "நல்லா கீறியாப்பா?" என்பாய். இவனுக்கு விஷயம் தெரிந்திருக்குமோ, யாரிடமாவது சொல்லியிருப்பானோ என்றுதான் என் புத்தி போகும். பதில் சொல்லிவிட்டு நழுவிவிடுவேன்.

உன் சாவுக்கு வந்தபோதும் உன் மனைவியின் முகத்தில் அதையே தேடினேன். அவராகவே சொன்னார்: "அலமாரியத் தொறந்த அன்னிக்கே அவருக்கு அந்தத் தின்னர் வாசம் வந்துச்சாம். 'நான் சொன்னா எவன் நம்புவான்? அவன் நல்லவன், அவனே போயி சொல்லுவான்'னு ரொம்ப நாளு காத்துக்கினு இருந்தாரு."

வெட்கம் பிடுங்கித் தின்கிறது. இன்றும் யாராவது அன்பாகப் பேசினால் எதற்கென்று யோசிக்கிற ஆள்தான் நான். அப்படிப்பட்ட என்னைப் போய் நம்பி, நீ காத்திருந்தாயே.