முனியாண்டி கல்லுக்குப் பின்னால் இருந்த டின்

8 ஜூலை 2025, செவ்வாய்

கம்போங் ராஜா பள்ளி ஆய்வுக்கூடத்தில் குடுவை கழுவ ஆரம்பித்து ஒன்பது வருஷம். இன்றுதான் அறிவியல் வாத்தியார் ஃபாஹ்மி சார் உருப்படியாக ஒன்றைக் கையில் கொடுத்தார். கதிர்வீச்சு இருந்தால் டிக் டிக் என்னும் கருவி. நாட்டுக்கு அணுமின் நிலையம் வேண்டுமா என்று இருபதாம் தேதி ரிங்லெட் மண்டபத்தில் கூட்டம்; அதற்கு முன்னால் நாங்களே அளந்து பார்க்கட்டும் என்றுதான். "வீட்டுல வச்சுப் பாருங்க திலகா, அடுத்த வாரம் திருப்பிக் குடுத்தா போதும்."

வாழைப்பழம், தேயிலைத் தூள், அம்மி, கடைசியில் வீட்டுக்காரர் தலை. எங்கும் ஒன்றிரண்டு டிக்தான். அது எங்கேயும் இருக்குமாம். "மண்டையில ஒண்ணும் இல்லன்னு மிஷினே சொல்லிருச்சா?" என்கிறார்.

9 ஜூலை

எங்கள் தேயிலைத் தோட்டத்து முனியாண்டி கோயில். வீட்டுக்காரர் மாடசாமிதான் அங்கே பூசாரி. கல்லுக்குப் பின்னால் கருவியை வைத்தேன் — தகரத்தில் மழை விழுந்த மாதிரி சத்தம்! வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? பக்கத்து வீட்டு வேலம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

11 ஜூலை, வெள்ளி

நான் சொன்னது ஒன்று, எங்கள் லயத்து வீடுகள் முழுக்கப் பரவியது வேறு. அணுக்கழிவை இப்போதே கொண்டுவந்து கோயிலுக்குப் பின்னால் புதைத்துவிட்டார்களாம். லோரியைப் பார்த்தவர்கள்கூட இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை பூஜைக்கு ஒரு ஆள்கூட வரவில்லை. ஆகஸ்ட் மூன்று ஆண்டுப் பூஜை, அதற்கும் வரமாட்டார்களாம். வீட்டுக்காரர் என்னிடம் பேசவே இல்லை. ஏன்டி திலகா, வாய மூடிக்கிட்டு இருக்க மாட்டியா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

ஆனாலும் — அங்கே என்னதான் இருக்கிறது?

12 ஜூலை

ஃபாஹ்மி சார் கையுறை, முகமூடியோடு வந்து மண்ணை விலக்கினார். நாலு விரல் ஆழத்தில் மூடி இற்றுப்போன பிஸ்கட் டின். உள்ளே பெட்ரோமாக்ஸ் விளக்கில் மாட்டும் மேன்டில் வலைகள், எரிந்து உதிர்ந்தவை.

பக்கத்தில் நின்ற வீட்டுக்காரர் முகம் மாறிவிட்டது. சாரைப் பார்த்துச் சொன்னார்: "எங்கப்பா போட்டது லா. சாமிக்கு எரிஞ்சத குப்பையில போடக்கூடாதும்பாரு. ஒவ்வொரு பூஜைக்கும் இங்கதான் பொதைப்போம். நானும் போட்டிருக்கேன். கரண்டு வந்தப்புறம் மறந்தே போச்சு."

பழைய மேன்டிலில் தோரியம் உண்டாம். இருப்பது கொஞ்சம்தான், தூளை மூச்சில் இழுக்காமல் இருந்தால் போதும் என்றார் சார். அணுசக்தி அலுவலகத்தில் கேட்டு முறையாக ஒப்படைப்பதாகச் சொல்லி டின்னைக் கட்டி எடுத்துப் போனார்.

13 ஜூலை

வேலம்மாவைக் கூட்டிப்போய்ச் சத்தம் அடங்கியதைக் காட்டினேன். "அப்ப அந்த லோரி?" என்கிறாள்.

20 ஜூலை, ஞாயிறு

ரிங்லெட். வேண்டும் என்றவர், "புகையே இல்லை, கழிவும் கொஞ்சம்தான்" என்றார். வேண்டாம் என்றவர் படம் காட்டிப் பயமுறுத்தினார். இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதுபோலத்தான் எனக்குப் பட்டது. எழுந்து எங்கள் டின் கதையைச் சொன்னேன். "நாங்களே பொதைச்சது, முப்பது வருஷத்துல நாங்களே மறந்துட்டோம். உங்க கழிவு ஆயிரக்கணக்கான வருஷம் இருக்குமாமே. அது அங்க இருக்குன்னு யாரு ஞாபகம் வச்சிருப்பா?"

பதில் நீளமாகவே வந்தது. ஆழம், பாறை, காங்கிரீட்டு. ஞாபகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. லயத்துச் சனம் கை தட்டியது. வீட்டுக்காரர் பின்வரிசையில் நின்று கேட்டுவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

ஆண்டுப் பூஜை. முதல் ஆளாகப் பொங்கல் பானையோடு வேலம்மா! அவளுக்குப் பின்னால் லயமே வந்தது.

எல்லாரும் போனபிறகு கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் சாமி விளக்கிலிருந்து கழற்றிய செத்த பேட்டரியோடு, பழைய பழக்கத்தில் புதைக்கக் கல்லுக்குப் பின்னால் போனார்.  பேட்டரியோடே திரும்பி வந்தார்.

"திலகா, இத எங்க போடுறது?"

என் பெயரைச் சொல்லி மூன்று வாரம் ஆகிறது. சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்று கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.