பந்தலுக்கு அடியில் வாங்கிய திட்டு

12.2.2003, புதன் இரவு
பாண்டிச்சேரி, மகள் வீடு

வாட்ச்மேன் திட்டியது இன்னும் காதில் கிடக்கிறது. புருஷன் திட்டு வாங்கியதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கடலை ஒட்டிய தாவரப் பூங்காவுக்கு மகள் எங்களைக் கூட்டிப்போனாள். இவர் எந்த மரத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பக்கவாதம் வந்து வலப்பக்கம் மரத்துப்போனதிலிருந்து, எங்கள் ஊர் கம்பத்தில் இருக்கும் திராட்சைத் தோட்டத்துப் பக்கமே போகாதவர். வலது கையைத் தோளுக்கு மேலே தூக்கிப் பழகச் சொல்லியிருக்கிறார் டாக்டர். நான் ஞாபகப்படுத்தினாலே எரிந்து விழுவார்.

பெஞ்சில் உட்கார்ந்து கடற்காற்று வாங்கிக்கொண்டிருந்தோம். திரும்பினால் ஆளைக் காணோம். ஏதோ ஒரு பூக்கொடிப் பந்தலுக்கு அடியில் அண்ணாந்து நின்று, நுனிக் கொழுந்துகளைக் கிள்ளிக் கிள்ளிக் கீழே போட்டுக்கொண்டிருந்தார்.

வாட்ச்மேன் ஓடி வந்தார். "யோவ், செடியத் தொடக் கூடாதுன்னு போர்டு இருக்கே, தெரியல?"

"இப்பிடிக் கொடி ஓட விட்டா எப்பிடிப்பா காய் பிடிக்கும்?" என்றார் இவர், கையை நிறுத்தாமல்.

"இது காய்க்கிற கொடியே இல்லய்யா!"

நான் தடுக்க ஓடினேன். மகள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, அப்பா எந்தக் கையில கிள்றாக பாரு."

வலது கை. தலைக்கு மேலே.

"செத்த நேரம் விடுங்கய்யா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று வாட்ச்மேனைக் கும்பிட்டேன். பாவம், அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் விட்டார். அவர் பிள்ளைகுட்டி நன்றாக இருக்கட்டும்.

இப்போது உள்ளேயிருந்து கூப்பிடுகிறார். "ஏ புள்ள, கை விண்ணு விண்ணுன்னு வலிக்கிது, தைலத்தக் கொண்டா."

அந்தக் கை வலித்து எத்தனை மாசமாயிற்று. போகிறேன்.