அலமாரியில் ஒரு தட்டு

மார்ச் 4

அன்புள்ள பாப்பாவுக்கு,

போனில் சொன்னால் குரல் உடைந்துவிடும் என்று எழுதுகிறேன். ஊருக்கே இடமாற்றம் கிடைத்துவிட்டது. நேற்று ஆலையில் மெயில் வந்தது. சம்மதமென்றால் பொத்தானை அழுத்தச் சொல்லியிருந்தது. அழுத்தினேன், ‘பதிவாகிவிட்டது’ என்று வந்தது.

உன் அண்ணிக்குப் பக்கவாதத்தில் ஒரு கை வராமல் போனதிலிருந்து அவளை ஊரில் தனியே விட்டுவிட்டு இங்கே உலையோடு மாரடித்துக்கொண்டிருக்கிறேன். போனில் சேதி சொன்னதும் “நிஜமாவா? திரும்பப் படிங்க” என்றாள். படித்தேன், அழுதாள்.

நீ வேலை பார்க்கும் தலைமை அலுவலகத்தில் யார் காதிலாவது போட்டு வைத்தாயா? போட்டிருந்தாலும் சொல்ல மாட்டாய், அழுத்தக்காரி. ஷெட்டில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

உன் அண்ணன்

மார்ச் 7

அன்புள்ள அண்ணா,

அந்த மெயிலை எழுதியவள் நான். அது உத்தரவு இல்லை, சோதனை.

கம்பெனியின் கம்ப்யூட்டர் பாதுகாப்பைத் திட்டமிடும் என் வேலை இதுதான். உலையும் இயந்திரங்களும் இப்போது கம்ப்யூட்டரில் ஓடுகின்றன. ஒருவர் கள்ள மெயிலை அழுத்தினால் போதும், திருடன் உலைவரை போய்விடுவான். அதனால் நாங்களே பொய் மெயில் அனுப்பி, யார் ஏமாறுகிறார்கள் என்று பார்ப்போம். ஒருவர் மற்றவரை உஷார்படுத்திவிடக் கூடாதென்று, சோதனை முடியும்வரை வாய் திறக்க மாட்டோம். அந்த விதியும் நான் போட்டதுதான்.

போன தடவை பரிசு என்று அனுப்பினோம், யாரும் சீண்டவில்லை. எதற்கு மயங்குவார்கள் என்று யோசித்தபோது உங்கள் ஞாபகம் வந்தது. இடமாற்ற விண்ணப்பம் திரும்பி வரும்போதெல்லாம் நீங்கள் போனில் புலம்பியது காதிலேயே இருந்தது. மெயிலில் இருந்த ‘குடும்பத்தோடு சேர்ந்திருக்க’ என்பது நீங்கள் விண்ணப்பத்தில் எழுதிய வரி. உங்களை மேற்பார்வையாளர் ஆக்கியபோது மெயில் முகவரியும் கொடுத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நிறைய பேர் ஏமாந்ததைப் பார்த்து, கூட்டத்தில் மேலதிகாரி, “சீனியர் செக்யூரிட்டி ஆர்க்கிடெக்ட்னா இப்படி இருக்கணும்” என்றார். பல்லைக் காட்டினேன். இப்போது வெட்கமாக இருக்கிறது அண்ணா. கண்ணாடி பார்க்கவே கூசுகிறது.

பாப்பா

மார்ச் 11

பாப்பாவுக்கு,

திட்டி ஒரு கடிதம் எழுதினேன், கிழித்துவிட்டேன். உலைக்கு ஒன்று ஆனால் என்னவாகும் என்று நீ எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஷெட்டுக்குள் தலை நிமிர்ந்து நடக்க முடியவில்லை. டீ குடித்தவனெல்லாம் “எப்போ கிளம்புறீங்க?” என்கிறான். சிரித்து மழுப்புகிறேன்.

அண்ணியிடம் இன்னும் சொல்லவில்லை. எனக்காக அலமாரியில் ஒரு தட்டை ஒழித்து வைத்திருக்கிறாளாம், ஒற்றைக் கையால். என்னால் முடியாதும்மா. உனக்குத்தான் வீடு பக்கம். நேரில் போய் நீயே சொல்.

அண்ணன்

மார்ச் 16

அண்ணா,

நேற்று போனேன். என்னை உட்காரக்கூட விடாமல் அண்ணி அலமாரியைத் திறந்து காட்டினார். மேல் தட்டு துடைத்து, காகிதம் விரித்து, காலியாக இருந்தது.

“உங்க அண்ணன் சட்டைக்கெல்லாம் இது போதுமா பாப்பா?” என்றார். பிறகு மெதுவாக, “அந்த மெயில் நிஜம்தானே? எனக்கு என்னவோ பயமா இருக்கு. நீ அந்த ஆபீஸ்லயே இருக்கிறவ, நீ சொன்னா நம்பிடுவேன்” என்றார்.

வழியெல்லாம் உண்மையைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

“நிஜம்தான் அண்ணி” என்றேன்.

மெயிலில் எழுதிய பொய்யை வாயாலும் சொல்லிவிட்டேன் அண்ணா. அண்ணி சிரித்துக்கொண்டே அடுத்த தட்டையும் ஒழிக்க ஆரம்பித்தார். நானும் கூட நின்று துணிகளை எடுத்துக் கொடுத்தேன்.

பாப்பா