இரும்பு யானை எந்தப் பக்கம் பார்க்கும்

3 ஜூலை 1944

எல்லாம் நான் முன்பே சொன்னதுதான். இரும்பில் ஒரு யானை வரும், மூட்டை தூக்கும் என்று மணவூர் ஸ்டேஷனில் பத்து வருஷத்துக்கு முன்னால் சொன்னேன். சிரித்தார்கள். இன்று அரக்கோணம் மிலிட்டரி கிடங்கில் வந்து இறங்கிவிட்டது. முன்னால் தந்தம் மாதிரி இரண்டு இரும்புப் பட்டை. பலகைத் தட்டில் மூட்டைகளை அடுக்கினால், அடியில் தந்தத்தைச் செருகித் தட்டோடு தூக்குகிறது. ஃபோர்க்லிஃப்ட்டாம். என் ஆட்கள் வாயைப் பிளந்தார்கள். மேஸ்திரி நான் மட்டும் பழைய சிநேகிதனைப் பார்த்ததுபோல் தலையாட்டினேன்.

ரயிலில் திரும்பும்போது திருத்தணி மலை மேகத்தில் மிதந்தது. மலையையே யாரோ தட்டோடு தூக்கியதுபோல்.

4 ஜூலை

மெக்கானிக் அப்துல் ஷுக்கூர் சொன்னான்: "போன சண்டையில ஆம்பளைங்க எல்லாம் பட்டாளத்துக்குப் பூட்டாங்க மேஸ்திரி. சீமையில மூட்டை தூக்க ஆளில்ல. அப்போ பொறந்ததுதான் இது."

ஆள் இருக்கிற இடத்தில் இது என்ன செய்யும்? நான் கேட்கவில்லை, கிடங்குத் துரையே சொல்லிவிட்டார். பாதிப் பேர் போதுமாம். ஒருவன் ஓட்டக் கற்றுக்கொள்ளலாமாம். அக்கா மகள் சந்திராவின் புருஷன் தேசப்பன் மூட்டை தூக்கியே முதுகு போனவன். முதலில் கழிப்பது அவனைத்தான். "இவன் ஓட்டுவான்" என்றேன்.

"மாட்டுவண்டிகூட ஓட்டினதில்லயே மாமா" என்று என் காதில் அழுதான்.

7 ஜூலை

நேராக ஓட்டுகிறான். பின்சக்கரத்தால் திருப்பவும் பழகிவிட்டான். சரிவுதான் பயம். கிடங்கு மேடையிலிருந்து லாரிக்குப் பாரத்தோடு இறங்க வேண்டும். தைரியமாக இருக்கட்டும் என்று என் கனவைச் சொன்னேன். முருகன் வந்தார், "என் யானை எந்தப் பக்கம் பார்க்கிறது?" என்றார். எங்கள் திருத்தணி மலைக்கோயிலில் சந்நிதி முன் உள்ள கல் யானை சாமியைப் பார்த்து நிற்காது, வெளியே பார்த்து நிற்கும். ஆகவே இறங்கும்போது முகம் வெளியே! எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வண்டிக்குக் குங்குமம் வைத்துப் பூசணிக்காய் உடைத்தோம்.

8 ஜூலை

கவிழ்ந்தது.

9 ஜூலை, ஞாயிறு

முழுக்கக் கவிழவில்லை. கீழே பார்த்து இறங்கினான். பாரம் முன்னால் இழுத்து, பின்சக்கரம் அந்தரத்தில் தூக்கிக்கொண்டது. கோதுமை மூட்டைகள் சறுக்கி விழுந்தன. அவன் வண்டியைக் கட்டிக்கொண்டு தொங்கினான். நாளைக்கு இன்னொரு தடவை, தவறினால் வேலை இல்லை என்று துரை சொல்லிவிட்டார்.

"உன் கனவுக்கு என் புருஷன்தான் கெடச்சாரா? அவருக்கு ஒண்ணு ஆயிருந்தா உன் முருகனா வந்து எனக்குச் சோறு போடுவாரு?" — சந்திரா. மூவரும் மலையேறினோம்.

சந்நிதியிலிருந்து ஏதோ யோசனையில் திரும்பிவிட்டேன். "சாமிக்கு முதுகு காட்டிகினு போறியே மாமா!" என்று என் சட்டையை இழுத்தாள். அவள் சாமியைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து வந்தாள், தேங்காய்த் தட்டை நெஞ்சோடு அணைத்தபடி. தேசப்பன் அந்தத் தட்டையே பார்த்தான்.

"மாமா... மூட்டை மேட்டுப்பக்கம் இருந்தா எங்க விழும்? வண்டிமேலயே இல்ல சாயும்?"

"இதைத்தானேடா அன்னிக்கே சொன்னேன்!" என்றேன்.

10 ஜூலை

பின்பக்கமாகவே இறங்கினான். கிடங்கைப் பார்த்தபடி, சாமியிடம் விடைபெறுகிறவன் மாதிரி. ஒரு மூட்டை அசையவில்லை. துரை தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டார். சரி, கழற்ற மட்டும் செய்தார்.

22 ஜூலை

பாதிப் பேரை அனுப்பிவிட்டார்கள். இதை மட்டும் நான் முன்கூட்டிச் சொல்லவில்லை. தேசப்பன் இருக்கிறான். முதுகு நிமிர்ந்திருக்கிறது.

கிடங்கில் இன்னும் என் கனவுதான் பேச்சு. 'முதலில் வெளியே பார், தவறினால் உள்ளே பார்' என்று முருகன் இரண்டுமே சொன்னதாக இப்போது சொல்கிறேன். "நெஜமாவே வந்தாரா மாமா?" என்று சந்திரா கேட்டாள். "ஆங்" என்றேன்.

இங்கே எழுதினால் யார் பார்க்கப்போகிறார்கள்? வரவில்லை. கனவே இல்லை. நான் கட்டியது.

ஆனால் இன்று மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவனுக்கு நிஜமாகவே வந்தது. மேகத்துக்குள் இரும்பு யானை, மலைப்படிகளில் பின்பக்கமாகவே மெல்ல இறங்குகிறது. தந்தத்தின்மேல், அனுப்பிவிட்ட என் ஆட்கள் எல்லாரும் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவனும் விழவில்லை. எழுந்ததும் கனவு வந்தது என்று சொல்லச் சந்திராவிடம் ஓடினேன்.

"அதான் முன்னமே சொல்லிட்டியே மாமா" என்றாள்.