படிவத்தில் எழுதிய உண்மை

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம்.

உண்மையை எழுதியது தவறா? உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

அணுத் திட்டத்துக்காக இந்த நாட்டின்மீது விதித்த தடையால், எங்கள் மருத்துவமனையின் புற்றுநோய் மருந்து நடுவழி விமான நிலையத்தில் கிடக்கிறது. எட்டு நாளில் அதன் வீரியம் பாதியாகிவிடும். இன்று ஏழாம் நாள்.

"வெறும் மருந்துன்னு எழுதுங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேனே, டாக்டரம்மா!" என்கிறார் ஸ்டோர் கீப்பர். இறக்குமதிப் படிவத்தில் 'கதிரியக்கப் பொருள்' என்று எழுதியவள் நான்தான்.

"நான் என்ன குண்டா செய்யப்போறேன்? கழுத்துக் கட்டிக்குத்தானே கேக்கறேன்?" என்று சிரிக்கிறாள் நோயாளி ஒருத்தி. நாளைய பேச்சுவார்த்தையில் தடை தளர்ந்தால்தான் உண்டு. யாரிடம் போய்க் கெஞ்சுவது, அப்பா?

என் பழைய கண்ணாடியை அனுப்பிவையுங்கள். இல்லை, பார்சலும் வராது.

உங்கள் மகள்.

மறுநாள் சேர்த்தது: பேச்சுவார்த்தையைப் பத்து நாள் தள்ளிவைத்துவிட்டார்கள். அந்த நோயாளி போர்வையைத் தானே மடித்துவைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.